பெஞ்சின் தலைமாட்டில்

கல்யாணமாகி அருப்புக்கோட்டைக்கு வந்த முதல் வருஷத்திலேயே, ஒரு நாள் காலையில் என் வீட்டுக்காரர் இரும்புக் கம்பிக்கு அடியில் மாட்டிக்கொண்டார்.

நான் மொட்டை மாடியில் மிளகாய் வற்றல் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். மாடியின் மேற்கு ஓரத்தில் ஓர் அறை உண்டு. கடைக்கு வந்த நூல் மூட்டைகளில் மிஞ்சியதைப் போட்டு வைக்கக் கட்டியது. நான் வருவதற்கு முன்பே அவர் அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டிருந்தார். தினமும் கடைக்குப் போவதற்கு முன்னால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். இரும்போடு இரும்பு மோதும் சத்தம் கேட்கும். பிறகு வேர்த்து வழிய இறங்கி வந்து குளிப்பார். நான் புது மருமகள். என்ன ஏது என்று கேட்டுக்கொள்ளவில்லை. அவராகவும் சொல்லவில்லை.

அன்றைக்குச் சத்தம் பாதியில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, "இந்தா… இங்க வா" என்று ஒரு குரல். கூப்பிடுகிற மாதிரியும் இருந்தது, கூப்பிட வெட்கப்படுகிற மாதிரியும் இருந்தது.

கதவைத் தள்ளினேன். மரப் பெஞ்சு ஒன்றில் மல்லாந்து கிடந்தார். நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு நீளக் கம்பி. கம்பியின் இரண்டு பக்கமும் திரிகைக்கல் அளவுக்கு வட்ட இரும்புத் தட்டுகள். கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி, கழுத்து நரம்பு புடைக்க, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூக்கு" என்றார்.

"அத்தையக் கூப்பிடவா?"

"ஐயோ, வேணாம். நீயே தூக்கு."

என் ஊர் திருச்சுழிப் பக்கம். பருத்தி வெடிக்கிற காலத்தில், சாக்குகளை வண்டியில் ஏற்ற ஆள் வராத நாளில், நானும் என் அண்ணனும்தான் ஆளுக்கொரு முனை பிடித்து ஏற்றுவோம். பாரத்தை முதுகால் இழுக்கக் கூடாது, முழங்காலை மடக்கிக் காலால் எழுந்திருக்க வேண்டும் என்பது உடம்புக்குத் தெரிந்திருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் தலைமாட்டில் போய் நின்றேன். கம்பியைப் பிடித்து, "நீங்களும் தள்ளுங்க" என்றேன். அவர் தள்ளினார், நான் எழுந்தேன். கம்பி முனகிக்கொண்டே மேலே வந்து, பெஞ்சின் இரண்டு பக்கமும் நின்ற தாங்கிகளில் உட்கார்ந்தது.

அவர் எழுந்து உட்கார்ந்தார். நெஞ்சில் பிரம்பால் அடித்த மாதிரி ஒரு சிவப்புக் கோடு. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அடுத்து அழுகை வந்தது. அதை அடக்க முடியவில்லை.

"அழாத புள்ள. ஒண்ணும் ஆகலல்ல?"

"நான் வத்தல் காயப் போட வரலேன்னா?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மாகிட்ட மட்டும் சொல்லிறாத" என்றார்.

அந்தக் கம்பியின் இரண்டு முனையிலும் தட்டு கழன்றுவிடாமல் நட்டு போட்டு இறுக முறுக்கியிருந்தார். நட்டு இல்லாமல் இருந்திருந்தால், ஒரு பக்கமாகச் சாய்த்துத் தட்டுகளைக் கீழே சரித்துவிட்டுத் தப்பியிருக்கலாம். இதெல்லாம் எங்கள் இரண்டு பேருக்குமே அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் பக்கத்தில் இல்லாமல் இந்த மனிதர் இந்த இரும்பைத் தொடக் கூடாது. அதை அன்றைக்கே சொன்னேன். அந்த வீட்டில் நான் போட்ட முதல் உத்தரவு அது.

ஏன் இப்படி ஒரு ஆசை என்று மறுநாள் கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டுப் பக்கவாட்டில் திரும்பி நின்றார். "பாரு" என்றார். ஒல்லியான மனிதர். நெஞ்சு நடுவில் லேசாக உள்வாங்கியிருந்தது. சின்ன வயதில் நெஞ்சுச் சளி முற்றி, காசநோயோ என்று சந்தேகப்பட்டு, மாதக்கணக்காக ஊசியும் மருந்துமாகக் கிடந்திருக்கிறார். பிழைப்பானா என்று வீடே தவித்திருக்கிறது. அத்தை அப்போதெல்லாம் பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டேதான் தூங்குவாளாம், மூச்சு நின்றுவிட்டால் தெரிய வேண்டுமே என்று. பள்ளிக்கூடத்தில் கூட இருந்த பையன்கள் அவரைக் 'கருவாடு' என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

"கருவாடுன்னு கூப்பிட்டவனையெல்லாம் அடிக்கணும்னு இல்ல. கண்ணாடில பாத்தா எனக்கே ஆஸ்பத்திரி ஞாபகம் வருது. அது வரக் கூடாது. அவ்வளவுதான்" என்றார்.

அதற்குப் பிறகு காலையில் அவர் மாடிக்குப் போனால் நானும் ஏதாவது ஒரு சாக்கில் பின்னாலேயே போனேன். துணி உலர்த்த, வற்றல் போட, தண்ணீர்த் தொட்டி நிறைந்ததா என்று பார்க்க. பெஞ்சின் தலைமாட்டில் நின்றுகொள்வேன்.

எங்களுடையது கூட்டுக் குடும்பம். கீழே நூல் கடை, அதற்குப் பின்னால் வீடு. காலையிலிருந்து நெசவுக்காரர்களும் தறிப் பட்டறைக்காரர்களும் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். புருஷனும் பெண்டாட்டியும் பகலில் நாலு வார்த்தை பேச இடம் கிடையாது. அவருக்கு நான் சாப்பாடு பரிமாறும்போதுகூட அத்தை பக்கத்தில் இருப்பாள். அப்படிப்பட்ட வீட்டில் அந்த மாடி அறை எனக்குப் பெரிய வரமாகக் கிடைத்தது. ஒரு சுற்றுத் தூக்கி முடித்தால் அடுத்த சுற்றுக்கு முன்னால் இரண்டு மூன்று நிமிஷம் மூச்சு வாங்க வேண்டும். அந்த இடைவேளையில்தான் நாங்கள் பேசினோம். அவருக்கு அவரைக்காய் பிடிக்காது என்பதை, எனக்கு மதுரையைப் பார்க்க வேண்டும் என்பதை, அவருக்குக் கணக்கு வராது, அதனால் அப்பாவிடம் பயம் என்பதை, எனக்கு அவர் மூக்கு பிடிக்கும் என்பதை. கம்பி தாங்கியில் இருக்கும்வரை பேச்சு. அவர் மறுபடி படுத்துவிட்டால் பேச்சு நின்றுவிடும்.

ஆனால் தூக்குகிற முறையில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. கம்பியைச் சடாரென்று இறக்குவார். அது நெஞ்சில் பட்டுக் குதிக்கும், அந்தக் குதியிலேயே மேலே தள்ளுவார். முழங்கைகளை இரண்டு பக்கமும் றெக்கை விரித்த மாதிரி அகட்டிக்கொள்வார். காலைத் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்துக்கொள்வார். தினமும் செய்தால்தான் சதை வரும் என்று ஒரு நாள் விடாமல் செய்வார். ஒவ்வொரு வாரமும் தட்டைக் கூட்டுவார். நானும் நல்லதுதான் போல என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

பங்குனி வெயில் ஏறிய சமயம் அவருக்கு வலது தோள் வலிக்கத் தொடங்கியது. முதலில் தைலம் தேய்த்துக்கொண்டார். அப்புறம் கடையில் மேல்தட்டிலிருந்து நூல் பண்டலை இறக்கக் கை எழும்பவில்லை. சட்டை போடக்கூட நான்தான் கையை நுழைத்துவிட வேண்டியிருந்தது. அத்தை, "பஸ்ஸுல தொங்கிக்கிட்டு வந்தியாலே?" என்று கேட்டாள். அவர் "ஆமா" என்றார்.

மதுரையில் எலும்பு டாக்டர் ஒருவரைப் போய்ப் பார்த்தோம். கொஞ்ச நாள் கையை ஓயப் போடச் சொல்லிவிட்டு, "தூக்கிறதுல தப்பில்ல. முறை தெரிஞ்சவங்ககிட்டக் கத்துக்கிட்டுத் தூக்குங்க" என்றார். பக்கத்துத் தெருவில் இருந்த உடற்பயிற்சிக் கூடத்துக்கு அவரே வழி சொன்னார்.

வாசலில் பெரிய படம் வரைந்த தகரப் பலகை. உள்ளே ஆண்கள் மட்டும். நான் வெளியே படிக்கட்டில் நின்றுகொண்டேன். அதை நடத்தியவருக்கு எங்கள் வீட்டுக்காரர் வயதுதான் இருக்கும், வெயிட் தூக்கும் போட்டிகளுக்கெல்லாம் போய் வந்தவர். இவர் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "ஒங்களுக்குக் கூட நின்னு பிடிக்கிறது யாரு?" என்றார்.

இவர் கொஞ்சம் தயங்கி, "வீட்டுலதான்" என்று வாசலைக் காட்டினார்.

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. வெளியே வந்து, "உள்ள வாங்க தங்கச்சி. அவரு கெடந்தா அவருக்கு அவரு கை தெரியாது. நீங்கதான் பாக்கணும், நீங்கதான் மொதல்ல கத்துக்கணும்" என்றார். உள்ளே இருந்தவர்களெல்லாம் துண்டைத் தேடி எடுத்துப் போர்த்திக்கொண்டார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டே போனேன்.

அவர் தட்டு எதுவும் இல்லாத வெறும் கம்பியைத் தாங்கியில் வைத்து, இவரைப் படுக்கச் சொன்னார். வலி இருந்ததால், இவர் கம்பியை எடுக்கவில்லை. படுத்துப் பழகியதோடு சரி. எடுத்து இறக்கிக் காட்டியதெல்லாம் அவர்தான்.

"கண்ணு கம்பிக்கு நேர் கீழ இருக்கணும். ரெண்டு காலும் தரையில அழுத்தி நிக்கணும், பெஞ்சு மேல வைக்கக் கூடாது. இடுப்பு பெஞ்ச விட்டு மேல எழும்பக் கூடாது. இப்ப தோள்பட்டை எலும்பு ரெண்டையும் பின்னால சேத்து, கீழ்ப்பக்கமா இழுங்க. முதுகு நடுவுல ஒரு வெத்தலைய வச்சு இடுக்கிப் பிடிச்ச மாதிரி. அந்த வெத்தலை கடைசிவரைக்கும் கீழ விழக் கூடாது. வெத்தலை விழுந்தா தோளு முன்னால வந்துரும், பாரமெல்லாம் தோளுக்குப் போயிரும். ஒங்களுக்கு வலிக்கிறது அதுனாலதான்."

கட்டைவிரலைக் கம்பியைச் சுற்றிப் போடச் சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் அதுவரை கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்தே வைத்துக்கொண்டிருந்தார். கம்பி உள்ளங்கையிலிருந்து வழுக்கினால் நேராகக் கழுத்துக்குத்தான் வரும் என்று அவர் சொன்னார். மணிக்கட்டு பின்னால் மடங்காமல் முழங்கைக்கு நேர்மேலே நிற்க வேண்டும். முழங்கை முழுசாக விரிந்த றெக்கையாகவும் இருக்கக் கூடாது, விலாவோடு ஒட்டியும் இருக்கக் கூடாது, பாதி மடக்கின றெக்கையாக இருக்க வேண்டும். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு மெதுவாக இறக்கி, நெஞ்சின் கீழ்ப்பாதியில் கம்பியைத் தொட்டும் தொடாமலும் வைத்து, பிறகு மேலே தள்ள வேண்டும். மேலே போகும்போது அது லேசாகத் தலைப்பக்கமாகச் சாய்ந்து, தோளுக்கு நேரே வந்து நிற்கும். குதிக்க விடவே கூடாது.

"இறக்கறப்ப அவசரம் கூடாது. பாதி வேலை இறக்கிறதுலதான் நடக்குது" என்றார். "பத்துத் தடவை முறையாத் தூக்க முடிஞ்சா அந்தப் பாரம் போதும். இன்னும் ஒண்ணோ ரெண்டோ தூக்கலாம்னு இருக்கும்போதே நிறுத்திருங்க. வாரத்துக்கு ரெண்டு நாள் நெஞ்சுக்கு. நடுவுல ஆறவிடுங்க. ஆறும்போதுதான் சதை பிடிக்கும். நல்லாச் சாப்பிடுங்க. முதுகுக்கும் வேலை குடுங்க, இல்லேன்னா தோளு முன்னால கூனிக்கிரும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க ஒரு கை மேல, ஒரு கை கீழ போட்டுத் தயாரா நிக்கணும். ஆனா தொடக் கூடாது. கம்பி நின்னுருச்சு, இல்ல திரும்பக் கீழ வருதுன்னாத்தான் பிடிக்கணும். அவரு 'எடு'ன்னு சொன்னா யோசிக்காம எடுக்கணும். நீங்க இல்லாத அன்னைக்கு அவரு தூக்கவே வேணாம். அப்படியும் தூக்கினாருன்னா, நட்டு போடாமத் தூக்கட்டும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் எனக்கு. காரியாபட்டி தாண்டியதும் இரண்டு பக்கமும் வெட்டவெளிக் கரிசலும் சீமைக்கருவேலமும். நான் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். கண், கால், வெற்றிலை, கட்டைவிரல், மணிக்கட்டு, றெக்கை. அவர் என்னைப் பார்த்துவிட்டு, "பரிச்சைக்கா படிக்கிற?" என்றார். மதுரையைப் பார்க்க வேண்டும் என்று அத்தனை நாள் ஆசைப்பட்டவள், மீனாட்சி கோயில் கோபுரத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் வந்திருக்கிறேன் என்பது பாளையம்பட்டியில் பஸ் நின்றபோதுதான் உறைத்தது.

தோள் ஆற வைகாசி பிறந்துவிட்டது. ஆறியதும் வெறும் கம்பியிலிருந்து மறுபடி தொடங்கினோம். முதலில் அவருக்கு அவமானமாக இருந்தது. "சின்னப் புள்ளை வெளையாட்டு மாதிரி இருக்கு" என்றார். நான் விடவில்லை. தினமும் தூக்கியவர் வாரம் இரண்டு நாளுக்கு வந்தார். மற்ற நாட்களில் குனிந்து கம்பியை வயிற்றுப் பக்கமாக இழுக்கிற பயிற்சி, முதுகுக்காக. நான் தலைமாட்டில் நின்றுகொண்டு, "கால்… கட்டைவிரல்… வெத்தலை!" என்பேன். எட்டாவது, ஒன்பதாவது தடவையில் அவருக்குத் தோள் முன்னால் நழுவும். "வெத்தலை விழுகுது, வெத்தலை விழுகுது!" என்று கத்துவேன். அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

இந்த வெற்றிலைதான் எங்களைக் காட்டிக்கொடுத்தது.

மாடிப்படிக்குக் கீழேதான் அத்தை காய் நறுக்குவாள். மேலே கேட்கும் இரும்புச் சத்தத்தை, ஏதோ கடைச் சாமானை உருட்டுகிறான் என்று அதுவரை விட்டுவிட்டிருந்தாள். காலையில் மாடியிலிருந்து மருமகள் குரலில் "வெத்தலை, வெத்தலை" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் என்ன நினைப்பாள்? இரண்டும் காலங்காத்தாலே மாடியில் உட்கார்ந்து வெற்றிலை போடுகின்றன என்று முடிவு கட்டிவிட்டாள். அந்த வீட்டில் மாமாவைத் தவிர யாரும் வெற்றிலை போடக் கூடாது. ஒரு நாள் கையில் அரிவாள்மணையோடு படியேறி வந்து, கதவைத் திறந்தாள்.

அவள் பார்த்தது இதுதான். மகன் சட்டையில்லாமல் மல்லாந்து கிடக்கிறான். அவன் நெஞ்சுக்கு மேலே இரும்பு. மருமகள் தலைமாட்டில் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு நின்று, அந்த இரும்பை அழுத்துகிறாளோ தூக்குகிறாளோ, தெரியவில்லை.

"அடி பாதகத்தி! எம்புள்ள நெஞ்சுல என்னத்தடி வைக்கிற?"

அவர் பதறிக் கம்பியை ஆட்டினார். நான் பிடித்துத் தாங்கியில் சேர்த்தேன். அத்தை அரிவாள்மணையைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து, மகனின் நெஞ்சைத் தடவித் தடவிப் பார்த்தாள். சின்ன வயதில் வைத்த மாதிரியே உள்ளங்கையை நெஞ்சில் ஊன்றி, மூச்சு வருகிறதா என்று பார்த்தாள்.

"இந்த நெஞ்ச நான் எப்படிக் காப்பாத்துனேன்னு தெரியுமாடி ஒனக்கு?"

"தெரியும் அத்த. அவுக சொன்னாக" என்றேன்.

"அம்மா, இவ இல்லேன்னாத்தான் ஆபத்து" என்றார் அவர். "ஒக்காரு. பாத்துட்டுத் திட்டு."

மூலையில் கிடந்த நூல் மூட்டை மேல் அத்தை உட்கார்ந்தாள். அவர் படுத்தார். நான் வழக்கம் போல ஒவ்வொன்றாகச் சொன்னேன். கம்பி மெதுவாக இறங்கி, நெஞ்சைத் தொட்டு, ஏறியது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஏறும்போது விட்டாள். அவளை அறியாமலே மகனோடு சேர்ந்து மூச்சு விட்டாள். முடிந்ததும் எழுந்து வந்து மறுபடி நெஞ்சில் கை வைத்தாள். இந்தத் தடவை வேறு மாதிரி வைத்தாள். விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"குழி மேவியிருக்கோ?" என்றாள் என்னைப் பார்த்து.

"மேவிக்கிட்டு வருது அத்த."

அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அன்று மத்தியானம் அவர் தட்டில் இரண்டு அவித்த முட்டை இருந்தது. மறுநாளும் இருந்தது. உளுந்தங்களி, அவித்த கடலை, மொச்சை என்று அப்புறம் ஒவ்வொன்றாக வந்தன. எலும்பில் இருந்த நெஞ்சுக் குழியை மேலே படிந்த சதை மூடுகிறது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அத்தைக்கு அந்த வித்தியாசம் தேவைப்படவில்லை.

தீபாவளிக்குச் சட்டை அளவெடுக்கப் போன இடத்தில் தையல்காரர் நாடாவை மார்பைச் சுற்றிப் பிடித்துவிட்டு, பழைய அளவைச் சொல்லி, "தப்பா எழுதிட்டேன் போலயே" என்றாராம். வீட்டுக்கு வந்து அதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். என்னிடம் மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அடுத்த வருஷம் எனக்கு நாள் தள்ளிப்போனது. அத்தை அன்றைக்கே மாடிப்படியை எனக்கு மூடிவிட்டாள். அவருக்கும் நான் கம்பிக்குப் பக்கத்தில் நிற்பதில் பயம். "கொஞ்ச நாள் நிறுத்திக்கிறேன். தண்டால் எடுத்துக்கிறேன்" என்றார். முகம் மட்டும் வாடிப்போனது. வளைகாப்பு முடிந்து என்னை ஊருக்கு அழைத்துப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் திருச்சுழி பஸ் பிடித்து அவர் வருவார். ஒரு ஞாயிறு மட்டும் அவரோடு மாமாவும் வந்தார்.

மாமா அதிகம் பேசாதவர். கடையில் வியாபாரம் பேசுவதோடு சரி. மருமகளிடம் நேராக நின்று பேசியதே கிடையாது. என்ன வேண்டுமானாலும் அத்தையைப் பார்த்துத்தான் சொல்வார். அன்றைக்கு எல்லோரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு, நான் புழக்கடையில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு வந்து, கொஞ்சம் தள்ளி நின்றார்.

"தாயி, ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்க மாமா."

"அந்தக் கம்பிய எப்பப் பிடிக்கணும்? நான் பிடிச்சா 'தொட்டுட்டீக, தொட்டுட்டீக'ன்னு கோவப்படுறான். பிடிக்காம இருக்க எனக்கு மனசு வரல. அது ஆடுதுல்ல?"

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. நான் இல்லாத இடத்தில் மாமா போய் நிற்கிறார். மகன் வாடிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் காலையில் அவராகவே மாடியேறிப் போய், "நான் பிடிக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

சுவரில் சாத்தியிருந்த உலக்கையைக் காட்டினேன். அதை எடுத்து வரச் சொன்னேன். என்னால் மல்லாந்து படுக்க முடியாது. அதனால் உலக்கையை நான் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே மேலே தள்ளிக் காட்டினேன். மாமா பின்னால் வந்து நின்றார்.

"ஒரு கை மேல, ஒரு கை கீழ மாமா. ஆங். தொடாதீங்க. சும்மா பக்கத்துலயே கொண்டு போங்க. இப்ப ஆடுது, பாத்தீங்களா? ஆடுனாலும் மேலதான் போகுது. மேல போறவரைக்கும் விடுங்க. இப்ப நின்னுருச்சு. இப்பப் பிடிங்க!"

மாமா வெடுக்கென்று பிடித்தார். உலக்கை என் கையை விட்டே போய்விட்டது.

"இவ்வளவு வேகம் வேணாம் மாமா. மிச்சத்துக்கு மட்டும் குடுத்தாப் போதும். பாதி அவுக தூக்குவாக."

"மிச்சத்துக்கு மட்டும்" என்று அவர் மெதுவாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டார். இன்னும் இரண்டு தடவை செய்து பார்த்தார். கடைசித் தடவை சரியாக இருந்தது. உலக்கையைக் கொண்டுபோய்ச் சாத்திவிட்டு, "ஒடம்பப் பாத்துக்கத்தா" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அடுத்த வாரம் வந்தபோது என் வீட்டுக்காரர் சிரித்துச் சிரித்துச் சொன்னார். "இப்ப ஒழுங்காப் பிடிக்கிறாரு. ஆனா எண்ணுறதுதான் தாங்கல. 'லாபம், ரெண்டு, மூணு'ன்னு கடையில பண்டல் எண்ணுற மாதிரியே எண்ணுறாரு. ஒண்ணுன்னு சொல்ல வாயே வரமாட்டேங்குது. எனக்குச் சிரிப்பு வந்து வெத்தலை விழுந்துருது."

"சிரிப்பு வந்தா தாங்கியில வச்சிருங்க. சிரிச்சுக்கிட்டே தூக்காதீங்க" என்றேன்.

"அப்பாகூட எனக்குப் பேச்சு வருதுடி" என்றார் பிறகு, சிரிப்பு நின்று. "நடுவுல ஓஞ்சிருக்கும்போது பேசுறாரு. அவரு சின்ன வயசுல தறிக் குழியில ஒக்காந்து துணி நெய்ததையெல்லாம் சொல்றாரு. எனக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது."

மகள் பிறந்து, மாதங்கள் கழித்து நான் திரும்பி வந்தபோது, தலைமாட்டில் நிற்க வீட்டில் போட்டியே இருந்தது. செவ்வாய்க்கிழமையை மாமா விட்டுக்கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை எனக்கு என்று ஆனது.

குழந்தையைத் தூக்கித் தூக்கி எனக்கு முதுகும் தோளும் முன்னால் கூனிக்கொண்டு வந்த சமயம் அது. ஒரு வெள்ளிக்கிழமை அவர் தன் முறையை முடித்துவிட்டு, தட்டுகளை எல்லாம் கழற்றி ஓரமாக அடுக்கினார். வெறும் கம்பி மட்டும் தாங்கியில் இருந்தது. பெஞ்சைத் துண்டால் துடைத்தார்.

"படு" என்றார்.

"நானா? யாராச்சும் பாத்தா?"

"கதவு சாத்தித்தான் இருக்கு. படு. ஒனக்கு இது எல்லாம் மனப்பாடம்."

மனப்பாடம்தான். ஆனால் மல்லாந்து படுத்ததும் எல்லாம் மறந்துவிட்டது. மேலே ஓட்டுக் கூரை, அதற்கும் கீழே தலைகீழாக அவர் முகம். அவர் என்னைப் போலவே ஒவ்வொன்றாகச் சொன்னார். கால். கட்டைவிரல். வெத்தலை. கம்பியைத் தாங்கியிலிருந்து எடுத்தேன். இறக்கினேன். நெஞ்சைத் தொட்டது. அந்தக் குளிர்ச்சி இன்னும் ஞாபகம் இருக்கிறது. தள்ளினேன். பருத்திச் சாக்கு தூக்கிய உடம்புதான், இருந்தாலும் இது வேறு. கம்பி பாதியில் ஆடியது. அவர் கைகள் அதற்குப் பக்கத்திலேயே வந்தன, தொடவில்லை. மேலே போய்விட்டது. இன்னும் மூன்று தடவை அப்படியே இறக்கித் தள்ளினேன்.

"நாலு போதும், மொத நாளைக்கு" என்றார்.

கீழே குழந்தை விழித்துக்கொண்டு அழுதாள். அத்தை படிக்கட்டிலிருந்து கூப்பிட்டாள்.

"வாரேன் அத்த!" என்று படுத்தபடியே குரல் கொடுத்தேன். பிறகு அவரிடம், "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று சொல்லி, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு கம்பியை மெதுவாக இறக்கினேன்.